அப்பா தன்னைக் காட்டிலேயே வைத்து மேலே மரம் வைக்கச் சொல்கிறார். எந்த மரம், எப்படி?

கொறங்காட்டான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். வயது 76. இன்றைக்கும் விடிகாலையில் எழுந்து பட்டியைத் திறந்து ஆடுகளை ஓட்டிவிடுவது அவர்தான். போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாலையில் (தோட்டத்துக் கொட்டகையில்) கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, என்னைய எரிச்சுப்போட்டுச் சாம்பல ஆத்துல கொட்டறேன்னு கெளம்பீறாதீங்க. ஆத்துல எங்கடா தண்ணி இருக்குது, சாக்கடைதான் போவுது. நம்ம காட்டுலயே பொதச்சு மேல ஒரு மரத்த வெச்சுப்போடு" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது, போன ஞாயிறு இடத்தையே கைத்தடியால் கோடு போட்டுக் காட்டிவிட்டார்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில். நாலு ஏக்கர் மேட்டாங்காடு (மானாவாரிக் காடு), அதை ஒட்டி ஒன்றரை ஏக்கர் தோட்டம். தோட்டத்தில் இருந்த தென்னை அத்தனையும் அப்பா கையால் வைத்தது. 2016இல் ஐப்பசி மழை சுத்தமாகப் பொய்த்ததே (தமிழ்நாடு முழுக்கவே அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு), அதற்கடுத்த சித்திரைக்குள் 110 மரத்தில் 40க்கு மேல் மட்டை தொங்கி, குருத்து சாய்ந்து, மொட்டையாகிவிட்டது. தண்ணி வண்டி வாங்கி ஊற்றினோம், 900 அடிக்குப் போர் போட்டோம், புழுதிதான் பறந்தது. செத்த மரங்களை வெட்ட ஆள் விட்ட அன்றைக்கு அப்பா மூலனூர்ச் சந்தைக்குப் போகிறேன் என்று போனவர் இருட்டின பிறகுதான் வந்தார். அவர் கோடு போட்டுக் காட்டிய இடம், அப்படி வெட்டின ஒரு தென்னையின் தூர் இருக்கும் இடம்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். சொந்தப் பட்டா நிலத்தில் புதைக்கலாமா? முடியாது என்றால் சாம்பலை மட்டும் குழியில் போட்டு மரம் வைக்கலாமா, அது மரத்துக்கு உரமாகுமா? சாம்பலையும் விதையையும் ஒரே உருண்டையில் வைத்துப் புதைக்கிறார்கள் என்று சித்தப்பா பையன் கைப்பேசியில் படம் காட்டினான். அப்புறம் எந்த மரம்? இன்னும் முப்பது நாற்பது வருஷத்துக்கு இந்த வெயிலில் நிற்கிற மாதிரி வேண்டும். வைத்த மரமும் செத்துப்போனால் எனக்குத் தாங்காது. அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை என்பது தனிக் கதை.

முன்னாள் மணியம்

தம்பி, நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். புதைக்க வேண்டாம். பட்டா நம்முடையதுதானே என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் கிராம ஊராட்சி இடுகாடு சுடுகாடு விதிகள் என்று 1999இலிருந்து ஒன்று இருக்கிறது. குடியிருப்பிலிருந்தும் குடிதண்ணீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது அதில் வரும். சரி, 90 மீட்டர் தாண்டிக் காட்டு மூலையில் புதைத்தால் என்ன என்று கேட்டு வழக்குகள் போய், கடைசியில் 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நான் வேலையில் இருந்தபோது ஒருத்தர் அப்பனைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார். பக்கத்துக் காட்டுக்காரனோடு ஏற்கெனவே பொழித் (எல்லை வரப்பு) தகராறு. அவன் தன் கிணற்றுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டார்கள் என்று மனுக் கொடுத்து, தாசில்தார் வந்து, சங்கிலி பிடித்து அளந்து, ஒரே அசிங்கம். செத்தவரை வைத்துக்கொண்டு அளக்கிற நிலைமை எந்த மகனுக்கும் வரக்கூடாது. நாளைக்கு அக்கா தங்கச்சிக்குப் பங்கு பிரிக்கும்போதும், ஒரு மூலையை விற்கிறபோதும், சமாதி இருக்கிற பூமி என்று சொல்லி விலையைப் பாதியாக்குவான்.

அந்த விதிகளெல்லாம் பிணத்தைப் பற்றியது. சாம்பலுக்கு இந்தத் தடை கிடையாது. ஊர்ச் சுடுகாட்டில் முறையாக எரித்துவிட்டு, சாம்பலைக் கொண்டுபோய் உங்கள் காட்டில் மரத்தடியில் போட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

சுக்காங்கல்

நான் வேளாண்மை படித்துவிட்டு இப்போது சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். சாம்பல் உரமா என்ற கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு எரியும்போது நைட்ரஜன் எல்லாம் புகையோடு போய்விடும். மிஞ்சுவது எலும்பு வெந்த சாம்பல், ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று கிலோ வரும். பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், கூடவே உப்பு. கார அமில நிலை (pH) பார்த்தால் 11, 12 என்று சுண்ணாம்பு நீற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். விறகில் எரித்தால் மரச்சாம்பலும் கலந்திருக்கும், அதுவும் காரம்தான். பாஸ்பேட் இருக்கிறதே, நல்ல உரம்தானே என்று தோன்றும். அமில மண்ணாக இருந்தால் அது மெதுவாகக் கரைந்து வேருக்குப் போகும். நம்முடையது என்ன மண்? கடப்பாரை போட்டால் இரண்டடியில் சுக்காங்கல் மேல் ணங்கென்று விழுகிற பூமி, ஏற்கெனவே சுண்ணாம்புதான். அதில் போய் இந்தச் சாம்பலை மொத்தமாகக் கொட்டி அதன் நடுவில் நாற்றை வைத்தால், மழை பெய்கிற அன்றைக்குக் கரைகிற உப்பிலேயே வேர் கருகிவிடும். இரும்புச் சத்து, துத்தநாகம் எதையும் செடி எடுக்காது, கொழுந்து வெளுத்துப்போகும். படத்தில் பார்க்கிற உருண்டைகளிலும் இதே சிக்கல்தான். இத்தாலியில் இரண்டு வடிவமைப்பாளர்கள் முழு உடம்பையே முட்டை மாதிரிக் கூட்டில் வைத்து மேலே மரம் வைப்பதாகப் படம் போட்டார்களே, அது திட்டமாகவே நின்றது, சாம்பல் வைக்கிற சின்ன உருண்டைதான் விற்பனைக்கு வந்தது.

அதனால் மூன்று கிலோவையும் குழிக்குள் போடாதீர்கள். இரண்டு கை அள்ளி, ஒரு வண்டி மக்கிய ஆட்டெருவோடு கலந்து, மூன்றுக்கு மூன்றடி குழியின் ஓரமாகப் போடுங்கள், வேர் பிடித்து வெளியே வருகிறபோது சந்தித்துக்கொள்ளட்டும். மீதியை மேட்டாங்காடு முழுக்கத் தூவிவிடுங்கள். நாலு ஏக்கரில் அது எங்கே போனது என்றே தெரியாது.

புதைப்பதைப் பற்றி அப்பா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கு உடம்பு சேர வேண்டும் என்றால் எரிக்காமல் இருப்பதுதான் சரி. செத்த ஆட்டுக்குட்டியைத் தென்னைக்குப் பக்கத்தில் புதைத்தால் அடுத்த வருஷம் அந்த மரம் கறுகறுவென்று நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இங்கிலாந்தில் கார்லைல் என்ற ஊரில் 1993இலேயே, கல்லறை கட்டாமல் புதைத்து மேலே மரம் வைக்கிற இடுகாட்டைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2019இல் உடம்பை மக்கவைப்பதற்கே சட்டம் போட்டது. மரத்தூள், வைக்கோல், குதிரைமசால் எல்லாம் சேர்த்து மூடிய தொட்டியில் காற்றுப் போகிற மாதிரி வைத்துவிடுகிறார்கள், சில வாரத்தில் மண்ணாகிவிடும். ஒரு விவசாயிக்கு இதில் புதுசாக என்ன இருக்கிறது, எருக்குழி வேலைதானே. நம் ஊர் வழக்கத்தில் ஆறடி ஆழத்தில் புதைக்கிறோம், அங்கே காற்றே போகாது, மரத்தின் ஊட்ட வேரெல்லாம் மேல் இரண்டடியில்தான் மேய்கிறது. அதனால் அப்பா நினைக்கிற மாதிரி மரம் அவரை உடனே எடுத்துக்கொள்ளாது.

எப்படியும் நம் ஊரில் அதற்கு வழியில்லை என்று மணியம் ஐயா சொல்லிவிட்டார். சாம்பலையே பார்ப்போம்.

சுங்கம் பஸ் ஸ்டாப்

குறுக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விறகு அடுக்கி எரித்தால் நாலைந்து குவிண்டால் விறகு போகிறது, அது ஒரு நல்ல மரம். அதை எரித்துவிட்டு அந்தச் சாம்பலில் ஒரு நாற்று வைத்து இயற்கையோடு கலந்தேன் என்று சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. எரிவாயு மயானத்துக்குக் கொண்டுபோங்கள், விறகாவது மிஞ்சும். ரோடு அகலப்படுத்துகிறோம் என்று சாலையோரப் புளிய மரங்களை எத்தனை வெட்டினார்கள், அப்போது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி ஆளுக்கொரு மரம் வைத்து வெயிலைக் குறைக்கப் போகிறோமாக்கும்.

நொய்யல்கரை

பஸ் ஸ்டாப் அண்ணா சொல்வதில் விறகுக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் உலகத்து வெயிலைக் குறைக்கிறேன் என்று எங்கே சொன்னார்? செத்த தென்னை இருந்த இடத்தில் ஒன்று நிற்கட்டும் என்கிறார், அவ்வளவுதானே.

நான் பேரூர்ப் பக்கம். இங்கே கோயிலில் இறவாப் பனை, பிறவாப் புளி என்று காட்டுவார்கள், சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தது. பனை சாவதே இல்லை, புளியின் விதை முளைப்பதே இல்லை, அதாவது இங்கே வந்தவர்களுக்கு மறு பிறவி இல்லை என்பது ஐதீகம். இன்னொன்றும் சொல்வார்கள், இங்கே நொய்யலில் போட்ட எலும்பு கல்லாகிவிடும் என்று. படித்துறைக்குத் திதி கொடுக்கவும் சாம்பல் கரைக்கவும் எவ்வளவு கூட்டம் வரும் என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பாதி மாதம் ஆற்றில் கரைக்கத் தண்ணீர் இல்லை, தேங்கிய குட்டையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். சுக்காங்கல் சொன்ன கால்சியம் கணக்கைப் படித்தபோது எலும்பு கல்லாகும் என்றவர்கள் ஒன்றும் சும்மா சொல்லவில்லை என்று தோன்றியது.

இதே நொய்யல் கீழே போகிற வழியில், சென்னிமலைப் பக்கம் கொடுமணலில், இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆட்களைப் புதைத்த கல்வட்டங்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. பானை, இரும்பு வாள், சூதுபவளப் பாசிமணி எல்லாம் கூட வைத்துப் புதைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு வட்டத்துக்குள் வெள்ளாடு படுத்திருந்தது, நடுவில் ஒரு வேலா மரம் தானாக முளைத்து நின்றது. யாரும் வைத்ததில்லை. அம்மாவுக்கு இது ஊருக்கு ஆகாத புதுப் பழக்கமாகத் தெரிந்தால் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பக்கம்தானே.

எங்கள் அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டி) சாம்பலைப் போட்டு மாமா ஒரு மாங்கன்று வைத்தார். ஒட்டு மா, நர்சரியில் பெரிய விலை கொடுத்து வாங்கியது. ஆறு மாதம் எல்லாரும் போய்ப் பார்த்தோம், படம் எடுத்தோம், அமுச்சி துளிர்த்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டோம். அப்புறம் மாமா பையன் பெங்களூர் போய்விட்டான், மாமாவுக்கு முழங்கால் வலி. பங்குனியில் கருகிவிட்டது. அது கருகினபோது மாமா இரண்டாம் தடவை தாயை எடுத்துக்கொண்டு போன மாதிரி அழுதார். அதனால் தம்பி, மரம் எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் மூன்று வருஷம் குடம் தூக்கப்போவது யார் என்று பேசிவிடுங்கள். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்களா, திருப்பூரிலா?

கொறங்காட்டான்

அக்கா, பிடித்துவிட்டீர்கள். வாரம் ஆறு நாள் திருப்பூர், ஞாயிறுதான் காடு. மாங்கன்று கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மணியம் ஐயா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "செரி, எரிச்சுக்கலாம். ஆனா ஆத்துக்கு வேண்டாம்" என்றார். எந்த மரம் என்று கேட்டால் வேம்பு என்கிறார். எங்கள் பக்கம் இரண்டு மூன்று வருஷமாக மழை விட்டதும் வேம்பெல்லாம் நுனி கருகித் தீ வைத்த மாதிரி நிற்கிறது, அதுதான் யோசனை.

சுக்காங்கல்

வேம்பு நுனி கருகல் பூஞ்சையும் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை. பெரிய மரம் பெரும்பாலும் திரும்பத் துளிர்த்துவிடும், இளங்கன்றுக்குத்தான் ஆபத்து. தென்னையைப் பற்றி நினைக்கவே வேண்டாம், பொள்ளாச்சியில் 2016இல் வந்து இறங்கின சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை, தண்ணீரும் இல்லை. மகாகனி, செம்மரம் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள் (நானே விற்கிறவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்).

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆள் என்பதால் தண்ணீர் கேட்காத இரண்டு பேர்தான். ஒன்று வெள்வேல். கொறங்காட்டுக்காரருக்கு (மேய்ச்சல் காட்டுக்காரருக்கு) நான் சொல்லவா வேண்டும், கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் வெள்வேலும் சேர்ந்ததுதானே உங்கள் காடு. நாற்று வாங்காதீர்கள். வெயில் காலத்தில் ஆடு நெற்றைத் தின்று பட்டியில் போட்ட புழுக்கையில் விதை வெளியே வரும், அந்த விதை சீக்கிரம் முளைக்கும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து எப்படி வரும் என்று தெரியுமே, நேராக நிற்க ஒரு குச்சி மட்டும் கட்டுங்கள்.

இன்னொன்று பனை. பிடுங்கி நடமுடியாது, கொட்டையாகவே ஊன்ற வேண்டும். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்கு வைத்துவிட்டுத்தான் மேலே இலை விடும், அதனால்தான் மேல்மண் காய்ந்தாலும் சாகாது. காய்க்கப் பன்னிரண்டு பதினைந்து வருஷமாவது ஆகும், பாளை விட்டால்தான் ஆணா பெண்ணா என்றே தெரியும். நூறு வருஷம் நிற்கும். 2021இல் அரசு, ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக்கூடாது என்று அறிவித்தது, அதனால் பங்கு பிரிக்கிற காலத்திலும் சட்டென்று கோடாலி போடமாட்டார்கள். கடைசியாக ஒன்று, ரொம்பச் சாதாரணமானது. அப்பா போன பிறகு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இப்போதே வையுங்கள். அவரே தண்ணீர் ஊற்றட்டும். வேர் ஊன்றின மரத்துக்குச் சாம்பலும் ஒன்றும் செய்யாது.

கொறங்காட்டான்

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று நினைத்திருப்பீர்கள்.

கடைசி வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதச் சொல்ல உனக்கு இத்தன நாளாச்சா" என்றார். புரட்டாசியில் மூலனூர் ரோட்டோரம் விழுந்து கிடந்த பனம்பழம் ஒரு சாக்கு பொறுக்கி வந்தார். மூன்று வாரம் கட்டுத்தரைப் பக்கம் குவித்துப் போட்டதில் வீடே பனம்பழ வாசம், அம்மா திட்டிக்கொண்டே நாலைந்தைச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கொட்டையைப் பிரித்து, பழைய தென்னந்தூரைச் சுற்றி எட்டுக் கொட்டை, மேட்டாங்காட்டுப் பொழி நெடுக நாற்பது. ஒவ்வொன்றையும் ஒரு சாண் ஆழத்தில் ஊன்றி, காலால் மிதித்து, அடையாளத்துக்குக் கல் வைத்தார். ஐப்பசியில் இந்த வருஷம் மழை பரவாயில்லை.

அம்மாவோடு ஒரு வழியாக உடன்பாடு வந்தது. ஒரு கலயம் கொடுமுடிக்கு, காவிரியில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். மீதி காட்டுக்கு. இதை இருவரும் சாப்பிட்டுக்கொண்டே, பொங்கலுக்கு யாருக்கு என்ன எடுப்பது என்று பேசுகிற மாதிரிப் பேசி முடித்துவிட்டார்கள், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு இப்போது இருக்கிற ஒரே குறை, பனை மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வருகிறதாம், காய்ந்த ஓலை தகரத்தின் மேல் விழுமாம். அதற்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது என்றால் கேட்கிற மாதிரி இல்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் தூரைச் சுற்றி ஊன்றியதில் மூன்றைப் பெருச்சாளி தோண்டிவிட்டது. கிழங்கு பிடித்திருந்த கொட்டை, பாதி கடித்துப் போட்டிருக்கிறது. அப்பா மறுபடி ஊன்றிவிட்டார், ஆனால் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போய்ப் பார்க்கிறார், பனியில் இந்த வயதில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மருந்து வைக்க மனசில்லை, நாய் இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

முன்னாள் மணியம்

வெள்வேல முள்ளை வெட்டி வந்து கொட்டையைச் சுற்றி நெருக்கமாகப் பதித்து, மேலேயும் ஒரு கொப்பை அமுக்கிக் கல்லை வையுங்கள். இலை வெளியே வந்த பிறகு மேல் முள்ளை மட்டும் எடுத்தால் போதும். அப்பாவைச் செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.